எதிரில் இருப்பவர் முகம் அசைந்தால் நம் மூளையில் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

நான் நரம்பியல் படித்தவள். இப்போது ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். முகத்தின் சின்னச் சின்ன அசைவுகளை மூளை எப்படிப் பிடிக்கிறது என்பது பற்றிக் கேளுங்கள் என்று அழைத்திருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தலவாக்கலை மாணவி: மிஸ், அம்மா புருவத்தை லேசாகத் தூக்கினாலே நான் வாயை மூடிவிடுவேன். மூளையில் எந்த இடம் இதைக் கவனிக்கிறது?

நல்ல கேள்வி தங்கச்சி. 'இது யார் முகம்' என்பதையும் 'இந்த முகம் இப்போது என்ன செய்கிறது' என்பதையும் மூளை பெரும்பாலும் வேறு வேறு பாதைகளில் பார்க்கிறது. யார் என்பதற்கு மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள ஃபியூசிஃபார்ம் பகுதி முக்கியம். அசைவுக்கு, காதுக்கு மேலே பக்கவாட்டில் ஓடும் ஒரு நீண்ட பள்ளம். அதன் பெயர் சுப்பீரியர் டெம்போரல் சல்கஸ். 1998இல் அய்னா பூஸ் குழுவினர், கண்ணும் வாயும் அசைவதைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்தப் பள்ளத்தின் பின்பகுதி வேலை செய்தது. வெறும் கட்டங்களை அசைத்துக் காட்டியபோது அப்படி நடக்கவில்லை. அதாவது எந்த அசைவுக்கும் எழுகிற பகுதி அல்ல அது.

வேகத்தையும் பாருங்கள். முகம் ஒன்றைக் கண்டதும் சுமார் 170 மில்லி வினாடியில் மூளை மின்னலையில் அதற்கென ஓர் அடையாளம் தெரியும். ஆள் யாரென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நோயாளிகள் சிலர், அதே முகத்தின் கோபத்தையும் சிரிப்பையும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

பண்டாரவளை வாசகர்: ஒருவர் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வருகிறதே, கண்ணாடி நரம்பணுக்களாலா?

ஒரு செயலை நாமே செய்யும்போதும், பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்குபவை கண்ணாடி நரம்பணுக்கள். அவற்றை இத்தாலியின் பார்மாவில் ரிசொலாட்டி குழுவினர் குரங்குகளில் கண்டார்கள். மனிதரின் பரிவு முழுவதையும் அவற்றின் தலையில் ஏற்றுவது அதிகப்படி. ஆனால் நீங்கள் சொல்வது உண்மையிலேயே நடக்கிறது. சுவீடனில் உல்ஃப் டிம்பெர்க் 2000இல் செய்த ஆய்வில், சிரித்த முகத்தையும் கோப முகத்தையும் 30 மில்லி வினாடி மட்டும் காட்டி உடனே வேறு முகத்தால் மறைத்தார்கள். பார்த்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. ஆனாலும் சிரிப்புக்குக் கன்னத் தசையும் கோபத்துக்குப் புருவத் தசையும் மெல்ல இயங்கின.

மஸ்கெலியா இளைஞர்: முகத் துடிப்பை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கப் பழகலாமா?

முடியாது. சாதாரண மக்கள் பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் பல ஆய்வுகளின் சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். முகம் அசைந்ததை மூளை நன்றாகப் பிடிக்கும். ஏன் அசைந்தது என்பது முகத்தில் எழுதியிருக்காது.

ஹப்புத்தளை வாசகி: கணவர் பொய் சொல்லும்போது கண் சிமிட்டுவாரா?

மேலே சொல்லிவிட்டேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை: மிஸ் சொல்வதை ஏற்க மாட்டேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில், முற்றிய இலையை அடியில் வைத்து மூடிக்கொண்டு வருகிறவர்களைக் கன்னத் துடிப்பை வைத்தே பிடித்திருக்கிறேன்.

ஐயா, நீங்கள் யாருடைய பையைக் கொட்டிப் பார்த்தீர்கள்? கன்னம் துடித்தவர்களுடையதை. துடிக்காமல் போனவர்களின் பையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் எப்படிக் கணக்கு சரியாகும்?

ராகலை வாசகி: மிஸ், எங்கள் அம்மா ஒரு தப்பும் செய்யாமலே தராசு முன்னால் நடுங்குவார். இவரைப் போன்ற ஒருவர்தான் எல்லார் முன்னாலும் பையைக் கொட்டினார்.

கணக்கப்பிள்ளை: அப்படியானால் என் அனுபவம் எல்லாம் வீணா?

வீண் இல்லை ஐயா. தினமும் பார்க்கிற ஒருவரின் வழக்கமான முகம் உங்களுக்குப் பழக்கம். அதில் சின்ன மாற்றம் வந்தாலும் உங்கள் மூளை கண்டுகொள்ளும். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கண்டது பயம். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிடுவார்களோ என்ற பயமும், மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் முகத்தில் ஒரே தசைகளைத்தான் இழுக்கும். ராகலை அம்மாவுக்கு நடந்தது அதுதான். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் பார்த்து ஆபத்தானவர்களைப் பிடிக்க ஒரு திட்டமே வைத்திருந்தார்கள். அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2013இல், இது பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பணத்தைக் குறையுங்கள் என்று எழுதியது. பயிற்சி பெற்றவர்கள் கதையே அப்படி. அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் எளியவர் முகம் எப்போதும் கொஞ்சம் துடிக்கும். அதைக் குற்றமாக எடுத்தால் தண்டனை பயந்தவருக்குப் போகும், துணிந்த திருடர் தப்பிவிடுவார். எல்லாருடைய பையையும் ஒரே மாதிரிப் பாருங்கள், அல்லது யாருடையதையும் கொட்டாதீர்கள்.

கண்டி வாசகர்: போனில் ஓர் ஆப் பொய்யைக் கண்டுபிடிக்குமாம்...

மூன்றாவது தடவை. காசை வீணாக்காதீர்கள்.

பதுளை வாசகர்: சாமுத்திரிகா லட்சணம் பற்றி?

என் துறை இல்லை.

லிந்துலை தாய்: கொழுந்துக்குப் போய் வந்து களைப்பில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை சிணுங்குகிறது. என் முகத்தையா பார்க்கிறது?

ஆமாம். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக், தாய்மாரைக் குழந்தையின் முன்னால் கொஞ்ச நேரம் முகத்தை அசைக்காமல் இருக்கச் சொன்னார். சில மாதக் குழந்தைகள்கூடச் சிரித்தும் கையை நீட்டியும் தாயை இழுக்கப் பார்த்தன, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன. நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். எந்தத் தாயும் எந்நேரமும் பதில் கொடுப்பதில்லை. பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) தூக்கி வந்ததும் கொஞ்ச நேரம் போனை ஓரமாக வைத்துப் பிள்ளையைப் பார்த்துக் கதையுங்கள்.

நானுஓயா வாசகர்: அப்பாவின் வாய் காலையிலிருந்து ஒரு பக்கம் கோணியிருக்கிறது. பேச்சும் குழறுகிறது. எண்ணெய் தேய்க்கலாமா?

வேண்டாம். இப்போதே 1990க்கு அடித்து சுவசெரிய ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.

டிக்கோயா வாசகி: தாத்தாவின் முகத்தில் இப்போதெல்லாம் சிரிப்பே இல்லை. கையும் நடுங்குகிறது. எங்கள் மேல் கோபமா?

பார்கின்சன் நோயில் முகத் தசைகளின் அசைவு குறையும், உள்ளே உணர்ச்சி இருக்கும். அசையாத முகத்தைப் பார்த்து உங்கள் மூளை கோபம் என்று எடுத்துக்கொள்கிறது. நோயா இல்லையா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நரம்பியல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் தரும்படி டிக்கோயா ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அதுவரை, கோபமா தாத்தா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.