‘சென்னையின்’ – எந்த வேற்றுமை? ஒரு பழைய ரசிகனின் கேள்வி-பதில்

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேள்விகளே அல்ல, புலம்பல்கள். புலம்பலுக்குப் பதில் எழுத முடியாது, கூட உட்கார்ந்து புலம்பத்தான் முடியும். ஆகவே கேள்விக்குறி இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். 2014-இல் அணி தொடங்கிய நாளிலிருந்து பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துக்குப் போய்வருகிறவன் நான். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற அணிக்கு என்னதான் ஆயிற்று? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (அம்பத்தூர் வாசகர்)

சுற்றி வளைக்காத பதில்: 27.

2022-23 சீசனில் 20 ஆட்டங்களில் 27 புள்ளிகள், எட்டாம் இடம். 2023-24-இல் 22 ஆட்டங்களில் அதே 27, ஆறாம் இடம். 2024-25-இல் 24 ஆட்டங்களில் மறுபடியும் 27, பதின்மூன்று அணிகளில் பதினொன்றாம் இடம். ஆட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன, புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாடகை ஆண்டுதோறும் ஏற, சம்பளம் ஏறாத குடும்பத்தின் கணக்கு இது.

எல்லோரையும் ஏமாற்றியது நடுவில் வந்த அந்த ஆறாம் இடம்தான். 22 ஆட்டங்களில் பதினொன்றில் தோற்றுவிட்டுத்தான் பிளே-ஆஃபுக்குப் போனோம். அங்கே கோவாவிடம் 2-1 என்று தோற்றுத் திரும்பினோம். ‘அணி தேறிவிட்டது’ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் பேசினேன். உண்மையில் நாம் ஏறவில்லை. நமக்கு மேலே இருக்க வேண்டிய சிலர் அந்த ஆண்டு நம்மைவிட மோசமாக ஆடினார்கள், அவ்வளவுதான்.

‘சென்னையின் எஃப்.சி.’ என்ற பெயர் இலக்கணப்படி சரியா? சென்னையின் என்றால் சென்னையின் எது? (மயிலாடுதுறையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, பத்தாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. இன்றைய வழக்கில் பார்த்தால் ஆறாம் வேற்றுமை, உடைமைப் பொருள். சென்னையின் அணி, சென்னைக்குச் சொந்தமான அணி. ஆனால் தாங்கள் பாடம் நடத்திய பழைய இலக்கணப்படி ‘இன்’ ஐந்தாம் வேற்றுமை உருபு. அதன் பொருள்களில் ஒன்று நீங்கல். அப்படிப் பார்த்தால் ‘சென்னையின்’ என்பதற்குச் சென்னையிலிருந்து விலகிய என்று பொருள் வரும்.

அணியின் வரலாறு ஐந்தாம் வேற்றுமையின் பக்கம்தான் சாய்கிறது. மூன்று இறுதிப் போட்டிகளில் ஆடியிருக்கிறோம்: 2015-இல் கோவாவில், 2018-இல் பெங்களூருவில், 2020-இல் மறுபடி கோவாவில், அதுவும் கொரோனா அச்சத்தால் ஆளில்லாத மைதானத்தில். 2019-இல் ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பைக்கு நம் ‘சொந்த மைதானம்’ அகமதாபாத். 2020-21, 2021-22 ஆகிய இரண்டு சீசன்களும் கொரோனா காரணமாக முழுக்கக் கோவாவிலேயே நடந்தன. நம் அணி கோப்பையைத் தூக்கிய காட்சியைச் சென்னைக்காரர் எவரும் தம் ஊர் மைதானத்தில் பார்த்ததில்லை.

எங்கள் வியாசர்பாடியில் தெருவுக்குப் பத்துப் பேர் பந்து ஆடுகிறார்கள். அணியில் ஏன் அவர்களைக் காணோம்? (வியாசர்பாடி வாசகர்)

தமிழாசிரியருக்குச் சொன்ன ‘நீங்கல்’ பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நந்தகுமார் சேகர் உங்கள் பகுதிப் பையன். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணி, பல ஆண்டுத் தொடர் தோல்விக்குப் பிறகு, மோகன் பகானை 1-0 என்று வென்றதே, அந்த ஒரே கோல் அவருடையது. கொல்கத்தாவில் அன்றிரவு அவர் பெயரைச் சொல்லி ஆடாத தெரு இருந்திருக்காது. நான் இங்கே வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியும் வயிற்றெரிச்சலும் சம அளவில் வந்தன. வியாசர்பாடிக்கும் பெரியமேட்டுக்கும் சில கிலோமீட்டர்தான். அந்தக் கால்கள் நமக்காக அல்லவா ஓடியிருக்க வேண்டும்?

குமரி மாவட்டக் கடற்கரையிலும் இதே கதை. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி என்ற வேறோர் அணியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், பிறகு கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். 2020 இறுதியில் நம்மை 3-1 என்று தோற்கடித்தது அந்த ஏடிகேதான்.

யாருமே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தனபால் கணேஷ் உங்கள் தெருக்களில் ஆடி வளர்ந்து, நம் நடுக்களத்தில் நின்று கோப்பை வென்றவர். பிறகு முழங்கால் காயம் அவரைப் படுத்தியது. எட்வின் வன்ஸ்பாலும் சில சீசன்கள் ஆடினார். ஆனால் இவர்கள் தனி ஆட்கள். ஒரு வீரர் விலகினால் அதே வார்ப்பில் இன்னொருவர் தயாராக நிற்கும் வரிசை இங்கே உருவாகவே இல்லை. உள்ளூர்ப் பையனுக்கு முழு சீசன் வாய்ப்புக் கொடுத்து, அவன் செய்யும் தவறுகளைச் சகித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் அணியைப் பிரித்துக் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

பயிற்சியாளர் ஓவன் கோய்ல் முதல் தடவை மந்திரவாதி, இரண்டாம் தடவை சாதாரண மனிதர். ஏன்? (திருச்சி வாசகர்)

2019-20 சீசனின் நடுவில், ஜான் கிரிகரி விலகியபின், கீழே கிடந்த அணியை அவர் கையில் எடுத்தார். அப்போது நெரியுஸ் வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியர் முன்னால் நின்றார். அந்த சீசனில் 15 கோல் அடித்தார். அவருக்குப் பின்னால் இடக்காலால் கோலம் போடும் ரஃபேல் கிரிவெல்லாரோ. அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று வென்று, அங்கே 4-2 என்று தோற்று, ஒரே ஒரு கோல் கணக்கில் இறுதிக்குப் போனோம். மருத்துவர் எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னது அந்த வாரத்தில்தான்.

அடுத்த சீசனில் கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள். நாம் சாபா லாஸ்லோ, போசிதர் பாந்தோவிச், தாமஸ் பிர்தாரிச் என்று மூன்று சீசனுக்கு மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்தோம். மூன்று முறையும் எட்டாம் இடம். ஒருவர் தடுப்பாட்டத்தை இறுக்கினார், அடுத்தவர் வந்து அதை அவிழ்த்தார். லாஸ்லோவின் 20 ஆட்டங்களில் 11 டிரா என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

2023-இல் கோய்ல் திரும்பி வந்தார், கிரிவெல்லாரோவும் திரும்பினார், வால்ஸ்கிஸ் வரவில்லை. அவருடைய ஆட்டம் எளிமையானது: ஓரங்களில் ஓடு, கிராஸ் போடு, நடுவில் ஒருவன் முடித்து வைப்பான். கானர் ஷீல்ட்ஸ் சலிக்காமல் ஓடினார், வாய்ப்புகளை அள்ளிக் கொடுத்தார். முடித்து வைக்கத்தான் வால்ஸ்கிஸ் போன்ற ஒருவர் இல்லை. இலை போட்டுக் கறி கூட்டு வைத்தாயிற்று, சோறு வரவில்லை.

2025-இல் கிளிஃபோர்ட் மிராண்டா பயிற்சியாளராக வந்தாரே? (வேளச்சேரி வாசகர்)

இந்தியப் பயிற்சியாளர் ஒருவருக்கு முழுப் பொறுப்பைக் கொடுத்தது நல்ல முடிவு. அதை ஒரு சீசனில் எடைபோட்டு அனுப்பிவிடக் கூடாது. முன்பு செய்ததையே செய்வார்களோ என்பதுதான் என் கவலை.

கடைசி இடம் வந்தால் கீழ் லீகுக்கு இறக்குவார்களா? (சேலம் வாசகர்)

2018-19-இல் கடைசி இடம்தான் வந்தோம். நடப்புச் சாம்பியனாக நுழைந்து, 18 ஆட்டங்களில் 13 தோல்வி, மொத்தம் 9 புள்ளி. என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே லீகில் ஆடி இறுதிவரை போனோம். ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகை வென்று பஞ்சாபும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே வந்தன. அந்த ஆண்டுகளில் மேலேயிருந்து எவரும் கீழே போகவில்லை.

ரசிகனாக அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது பதினொன்றாம் இடத்தில் இருந்த அணியின் மார்ச் மாத ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே போகவும் வழியில்லை, கீழே விழவும் பயமில்லை. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரத்து வகுப்பறை போல இருந்தது.

எனக்கு வயது 17. ‘அந்தக் காலத்தில் நம் அணி எப்படி இருந்தது தெரியுமா’ என்று அப்பா ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. உண்மையாகவே அப்படி இருந்ததா? (தாம்பரம் வாசகர்)

அப்பாவை நம்புங்கள், கொஞ்சம் மிகைப்படுத்துவார், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

2015 சீசனில் பயிற்சியாளர் மார்கோ மாத்தெராத்சியின் அணி நடுவழியில் புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்கு வந்தது. அதற்குள் டிசம்பர் வெள்ளம். தாம்பரத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்த நேரம். அரையிறுதியின் நம் ஊர் ஆட்டத்தைப் புனேயில் வைத்தார்கள். டிசம்பர் 12 அன்று அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றோம். எங்கள் வீட்டில் கீழ்த்தளத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்போது காயவில்லை. மெத்தைகள் மொட்டை மாடியில் கிடந்தன. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி மாடியில் இருந்ததால் பிழைத்தது. அதன் முன்னால் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அவர்களில் மூன்று பேருக்குக் கால்பந்தில் ஒரு அணிக்கு எத்தனை பேர் என்பதே தெரியாது.

இறுதியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே எதிர்கொண்டோம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. அந்த எட்டுப் பேரில் இருவர் எழுந்து போய்விட்டார்கள். 90-ஆவது நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பர் மேல் பட்டுச் சொந்த கோல், 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோசாவின் கோல், 3-2. எழுந்து போன இருவரும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் சிறந்த இரவு அது அல்ல. 2018 மார்ச் 13, கோவாவுடன் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், நேரு ஸ்டேடியம். ஜேஜே முதல் கோல் அடித்த சத்தம் அடங்குவதற்குள் தனபால் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவதை உள்ளே அனுப்பினார். எங்களுக்கு முன்வரிசையில் சாயம் போன வேட்டியோடு ஒரு பெரியவர் இருந்தார். கொண்டாடவில்லை, கையைத் தட்டவும் இல்லை. ‘நம்ம பையன், நம்ம பையன்’ என்று பக்கத்தில் இருந்த ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். உறவினரோ என்று கேட்டேன். இல்லையாம். ஆட்டம் 3-0. பார்க் ரயில் நிலையம் வரை நடந்த கூட்டத்தில் யார் தோளில் யார் கை என்றே தெரியவில்லை. நான்கு நாள் கழித்துப் பெங்களூருவில் இரண்டாவது கோப்பை.

கொச்சி நிரம்பி வழிகிறது, நம் கேலரியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. ஏன்? (நாகர்கோவில் வாசகர்)

கேரளத்தில் கால்பந்து ஒரு திருவிழா, இங்கே அது சில பகுதிகளின் உயிர். வியாசர்பாடியையும் குமரிக் கடற்கரையையும் தாண்டினால் கிரிக்கெட். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மைதானமும் ஒரு காரணம். நேரு ஸ்டேடியம் தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டியது. ஆடுகளத்துக்கும் நமக்கும் நடுவே ஓடுதளம் கிடக்கிறது. எதிர்க்கோடியில் நடப்பதை அங்கே உட்கார்ந்தவர்களின் கூச்சலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நாற்பதாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் ஐந்தாயிரம் பேர் உட்கார்ந்தால், அந்த ஐந்தாயிரம் பேரின் குரலையும் அரங்கம் விழுங்கிவிடுகிறது. ஆனாலும் நின்று பாடும் அந்தச் சில நூறு பேரை நான் குறைசொல்ல மாட்டேன். 11-ஆவது இடத்திலும் முரசு கொண்டுவருகிறார்கள்.

கோவையில் எங்களுக்கும் ஓர் அணி இருந்தது, நினைவிருக்கிறதா? (கோவை வாசகர்)

மறக்க முடியுமா? பெயர் சென்னை சிட்டி, வீடு கோவை. 2018-19 ஐ-லீகை வென்றது, பெத்ரோ மான்சி 21 கோல். அதே சீசனில்தான் இங்கே நாங்கள் கடைசி இடத்தில் கிடந்தோம். இரண்டே ஆண்டுகளில் அந்த அணி தேசிய லீகிலிருந்தே காணாமல் போனது. நம் அணியைத் திட்டத் தொடங்கும்போதெல்லாம் எனக்குச் சென்னை சிட்டி ஞாபகம் வரும், குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

2025-இல் அந்தப் பயம் நெருங்கி வந்தது. லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதிய ஒப்பந்தம் ஆகவில்லை. ஜூலையில் சீசனையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் நம் கிளப்பும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. வழக்கமாகச் செப்டம்பரில் விசில் ஊதிவிடுவார்கள். அந்தச் செப்டம்பரில் சனிக்கிழமை மாலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்தேன்.

என் மகன் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன் ஆகிவிட்டான். என்ன செய்யலாம்? (போரூர் வாசகர்)

சாப்பாடு போடுங்கள். அவர்கள் இன்னும் ஒரு ஐ.எஸ்.எல். கோப்பைகூட வென்றதில்லை என்பதைச் சாம்பார் ஊற்றும்போது மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

பேரனுக்கு எட்டு வயது. நம் அணிச் சட்டை கேட்கிறான். வாங்கிக் கொடுத்து அவனையும் இந்தத் துன்பத்தில் தள்ளலாமா? (மந்தைவெளி வாசகி)

வாங்கிக் கொடுங்கள், அம்மா. முதுகில் வீரர் பெயர் மட்டும் அச்சிட வேண்டாம். என்னிடம் அனிருத் தாப்பா பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்று இருக்கிறது. 2016-இல் பொடியனாக வந்தவர், தலைவரானார், இவர் இங்கேயே ஓய்வு பெறுவார் என்று நம்பி வாங்கினேன். 2023-இல் மோகன் பகானுக்குப் போய்விட்டார். போன மாதம் என் மனைவி ஸ்கூட்டர் துடைக்க அதைக் கையில் எடுத்தார். பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி பீரோவில் வைத்தேன்.

அளவு ஒன்று பெரிதாகவே எடுங்கள். அடுத்த கோப்பை வரும்வரை அவன் அதைப் போட்டாக வேண்டும்.