ராஜஸ்தான் மணலைப் பற்றிய ஒரு புத்தகம்

கேள்வி: வரலாறு, இயற்கை, நாடு இன்று சந்திக்கும் பிரச்சினை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் புனைவல்லாத நூல் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

சுற்றுச்சூழல் எழுத்தாளர் அனுபம் மிஸ்ரா இந்தியில் எழுதிய 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்'. ராஜஸ்தானின் வெள்ளித் துளிகள் என்று அர்த்தம். 1995இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் குளங்களைப் பற்றி எழுதிய புத்தகம்தான் அதிகப் புகழ் பெற்றது. ஆனாலும் ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

காரணம், அதில் வரும் 'குயீ' என்ற குறுங்கிணறு. ஜெய்சல்மேரில் வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 16 செ.மீ. நிலத்தடி நீரோ பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆனால் அந்தப் பக்கத்தில் சில ஊர்களில் மணலுக்கு அடியில் நீர் புகாத ஜிப்சம் அடுக்கு ஒன்று இருக்கிறது. பெய்த மழை அதைத் தாண்டி இறங்கி உப்புநீரோடு கலக்காமல், மணலிலேயே ஈரமாகத் தங்கிவிடும். அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வாங்கத்தான் குயீ.

அதை எப்படித் தோண்டுவார்கள் என்று மிஸ்ரா பக்கத்திலேயே நின்று பார்த்தவராக எழுதுகிறார். கிணறு அவ்வளவு குறுகல். மண்வெட்டியை ஓங்க இடமில்லை என்பதால் குட்டைப் பிடி போட்ட சின்னக் கருவியால் கொத்த வேண்டும். ஆழம் போகப் போகப் புழுக்கம் ஆளைக் கொல்லும். மேலே நிற்பவர்கள் அவ்வப்போது ஒரு பிடி மணலை அள்ளி உள்ளே வேகமாக வீசுவார்கள். அதோடு மேல்காற்றும் கொஞ்சம் கீழே போகும். மணல் தலையில் விழுந்து அடிபடாமல் இருக்க, உள்ளே இருப்பவர் ஒரு பாத்திரத்தைத் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு பாடுபட்டும் ஒரு நாளில் ஊறுவது இரண்டு மூன்று குடம்தான். குயீ அவரவர் வீட்டுக்குச் சொந்தம், இடம் ஊர்ப் பொது. ஒருவர் புதிதாக ஒன்று தோண்டினால் அந்த அளவுக்கு மற்றவர்களின் ஈரம் குறையும். அதனால் ஊர் சம்மதம் இல்லாமல் தோண்ட முடியாது.

சரி, இதில் இன்றைய பிரச்சினை எங்கே என்று கேட்கலாம். 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் பேய்மழை கொட்டியது. கவாஸ் என்ற ஊர் மூழ்கியது, பல உயிர்கள் போயின. மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. பாலைவன மணல் ஏன் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று நாடே திகைத்தது. அடியில் இருந்த ஜிப்சம் அடுக்குதான் காரணம். குயீ தோண்டிய பாட்டன்மாருக்கு அந்த அடுக்கு எங்கே ஓடுகிறது என்று கைரேகை மாதிரி தெரியும். 11 வருடம் முன்பே அச்சான ஒரு இந்திப் புத்தகத்திலும் அது இருந்தது.

இந்திரா காந்தி கால்வாய்க்கும் இதே கதைதான். பஞ்சாபிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து பாய்ச்சினார்கள், விளைச்சல் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் நீர் புகாத அடுக்கு ஆழம் குறைவாக இருந்த இடங்களில் தண்ணீர் தேங்கி, உப்பு மேலேறி, நல்ல நிலம் பாழானது. நீர்மேலாண்மை பற்றிக் கனமான அறிக்கைகள் எத்தனையோ வருகின்றன. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை யார் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதில் தொடங்கும் எழுத்து அபூர்வம். அதனால்தான் இந்தப் புத்தகத்தை இத்தனை பிடிவாதமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. மிஸ்ரா சமூகத்தை ஒரே மனதோடு இயங்கியதாகவே பெரும்பாலும் காட்டுகிறார். யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாமல் தள்ளி நின்றார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்க வேண்டும். சாதியை விட்டுவிட்டு இந்த நாட்டின் தண்ணீர் வரலாற்றை முழுசாகச் சொல்ல முடியாது.

அப்புறம், இந்தி தட்டுத்தடுமாறித் தெரிந்தாலே போதும், அவர் நடை அவ்வளவு எளிமை. குயீ பற்றிய பகுதி 11ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இந்தித் துணைப்பாட நூலிலும் சேர்ந்திருக்கிறது, அதை முதலில் படித்துப் பாருங்கள். இந்தி வேண்டாம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு.