எடை மெஷினும் அரைமண்டியும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஆறு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்றுவருகிறாள்; மாவட்டப் போட்டிகளில் பரிசும் வாங்கியிருக்கிறாள். இப்போது நடன வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்க்கிறார்கள். "இந்த வயிற்றோடு அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கிப் பாதி உட்காரும் நிலை) உட்கார்ந்தால் நடுவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று ஆசிரியை கேட்டதிலிருந்து இரவில் சாப்பிட மறுக்கிறாள். சென்ற ஆண்டு தைத்த நடன உடை இறுக்குகிறது என்று அழுகிறாள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதங்களாக வரவில்லை. நடனத்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி.

பதில்: அதைப் பிறகு யோசிக்கலாம், இந்த வாரமே அவளைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதவிடாய் தடைபடுவதற்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், உணவைக் குறைத்துக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது, ஆடுவதில் செலவாகும் சக்திக்கு ஈடான உணவு உடலுக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான். அந்நிலையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனின் சுரப்பு குறைகிறது. எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில் அது பலவீனமடைகிறது. வெறுங்காலுடன் சிமெண்ட் தரையில் பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவு பழகும் சிறுமிக்கு முழங்காலுக்குக் கீழே ஓயாத வலி இருந்தால், அது களைப்பாக மட்டுமின்றி, எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாகவும் இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைக் குறித்து எச்சரித்தது விளையாட்டு வீரர்களை மனத்தில் வைத்துத்தான். ஆனால், போட்டிக்காக நாள்தோறும் ஆடும் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

பருவமடையும் வயதில் இடுப்பும் தொடையும் பூரிப்பது வளர்ச்சியே தவிர, குறை அன்று. அரைமண்டி அழகாக அமைவது தொடை மூட்டு வெளிப்புறம் திரும்புவதையும் தசைகளின் வலுவையும் பொறுத்தது. பட்டினி கிடந்தால் தேய்வது அந்த வலுதான். ஒல்லியான உடலே நடனத்துக்கு இலக்கணம் என்பவர்கள், பருத்த உடலோடு நடுவயதில் பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி பிடித்த அபிநயத்தை எந்தத் தராசில் நிறுப்பார்களோ, எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியையைத் தனியாகச் சந்தியுங்கள். குருவிடம் குறை சொல்வதற்கு நம் வீடுகளில் இருக்கும் தயக்கத்தை நானும் அறிவேன். ஆனாலும், அடவில் பிழை இருந்தால் திருத்தட்டும், உடம்பைப் பற்றிப் பேச்சு வேண்டாம், எடை பார்ப்பது இன்றோடு நிற்கட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் இணங்காவிட்டால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.

வீட்டில் "இளைத்து அழகாகிவிட்டாய்" என்று பாராட்டும் உறவினர்களையும் தடுத்துவிடுங்கள். வற்புறுத்தி ஊட்டாமல், இரவில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போதும் அவள் சாப்பாட்டை ஒளித்துவைத்தாலோ கண்ணாடி முன் அழுதாலோ, மனநல ஆலோசனையைத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

நடன உடையைத் தையற்காரரிடம் கொடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு உள்ளே துணி மடித்துவிட்டே தைத்திருப்பார். அதைப் பிரித்துவிட்டால் போதும்.