லென்ஸ் இல்லாமல் எக்ஸ்-கதிர் நுண்ணோக்கி எப்படிப் படம் எடுக்கிறது?

கண்ணாடி லென்ஸ் ஒளியை வளைக்கும். எக்ஸ்-கதிருக்கோ கண்ணாடியும் காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வளையாமல் ஊடுருவிப் போய்விடும். மெல்லிய வளையங்களைச் செதுக்கிய தகடுகள் லென்ஸ் வேலையைச் செய்யும். ஆனால் நுட்பம் கூடக் கூட அவற்றைச் செய்வது மிகக் கடினம்.

சரி, லென்ஸையே விட்டுவிட்டால்? புதுச்சேரி கடற்கரையில் நிற்கிறீர்கள். கடலுக்குள் நிற்கும் தூண்களில் பட்டுச் சிதறிய அலைகள் கரைக்கு வருகின்றன. அந்தக் கோலத்தை மட்டும் பார்த்தே தூண்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று கணக்கிட முடியும். இங்கேயும் அதேதான்: பொருளில் பட்டுச் சிதறிய கதிர்களின் கோலத்தை உணரி பதிவு செய்கிறது.

சிக்கல் ஒன்று உண்டு. உணரிக்கு அலையின் வலிமை தெரியும். எந்தக் கணத்தில் முகடு, எந்தக் கணத்தில் பள்ளம் என்ற 'கட்டம்' தெரியாது. அந்தப் பாதித் தகவல் தொலைந்துவிடுகிறது. கோலத்தை மிக நெருக்கமாக அளந்தால், கணினி ஒரு ஊகத்தில் தொடங்கி, பொருளுக்கும் கோலத்துக்கும் மாறி மாறிப் போய்த் திருத்தித் திருத்திக் கட்டத்தை மீட்டுவிடும். நெருக்கமாக அளக்கும் இந்த யோசனையின் விதை, படிக ஆய்வாளர் டேவிட் சேயர் 1952இல் எழுதிய சிறு குறிப்பில் இருந்தது. 1999இல் இயற்பியலாளர் ஜியான்வெய் மியாவ் குழு தங்கப் புள்ளிகளை வைத்துச் செய்தே காட்டியது. நாற்பத்தேழு வருடம்! எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

'டைக்கோகிராஃபி' என்ற இன்னொரு முறையில் கதிரை ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களாக நகர்த்துவார்கள். அதனால் பெரிய பொருளையும், கணினிச் சில்லின் உள்கம்பிகளைக்கூட, வெட்டாமல் பார்க்கலாம்.