பச்சை நூல்

அன்புள்ள ஐயா,

‘பிக்’ (Pig) என்னும் ஆங்கிலப் படத்தை நண்பர்களுடன் பார்த்தேன். பன்றியைத் திருடியவர்களை நிக்கோலஸ் கேஜ் எப்போது அடிப்பார் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்து ஏமாந்தோம். மிகவும் மெதுவான படம். கடைசியில் எதிரிக்குச் சமைத்துப் போடுகிறார்! ஆனாலும் இரண்டு நாள்களாக அது மனத்தை விட்டுப் போகவில்லை. குறை படத்திலா, எங்களிடமா? தமிழில் ஏன் இப்படிப்பட்ட படங்கள் வருவதில்லை?

ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

தமிழில் ஏன் வருவதில்லை என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ‘மெதுவான படம்’ என்று எழுதியதற்கு மட்டும் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். வலையை இறக்கிவிட்டு இரவெல்லாம் படகில் காத்திருப்பவர்களின் ஊரில் இருந்துகொண்டு, ஒரு மனிதர் தம் பன்றியைத் தேடும் ஒன்றரை மணி நேரத்தை உங்களால் பொறுக்க முடியவில்லையா?

பழிவாங்கும் கதைகளில் மனைவியோ தங்கையோ முதல் பத்து நிமிடத்தில் சாகிறார்கள். அவர்கள் எப்படிச் சிரித்தார்கள், எதை விரும்பிச் சாப்பிட்டார்கள் என்பது அதன் பிறகு யாருக்கும் வேண்டியதில்லை. நாயகன் கத்தியை எடுப்பதற்கு நாம் கொடுக்கும் அனுமதிச் சீட்டுதான் அந்தச் சாவு. 2021இல் வந்த தம் முதல் படத்தில் மைக்கேல் சார்னோஸ்கி அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுகிறார். ஓரிகன் காட்டில் ட்ரஃபிள் என்னும் காளானைத் தேடி விற்று வாழும் ராப் (நிக்கோலஸ் கேஜ்), அடிபட்ட முகத்தின் இரத்தத்தைக்கூடக் கழுவாமல் போர்ட்லாந்து நகரமெங்கும் கேட்பது ஒன்றைத்தான்: என் பன்றி எங்கே? காளானைக் கண்டுபிடிக்க அவருக்குப் பன்றி தேவையே இல்லை, மரங்களே காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார். பன்றியின்மேல் அன்பு, அதனால் தேடுகிறார். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சமைத்துப் போட்டதை மட்டும் கேலி செய்கிறீர்கள். பன்றியைத் திருடச் செய்த டேரியஸ் பல ஆண்டுகளுக்கு முன் மனைவியுடன் ராப் கையால் உண்ட அதே உணவு அது. அதை வாயில் வைத்ததும் அவர் உடைந்துபோக, பன்றி செத்துவிட்டது என்ற உண்மை வெளியே வருகிறது. எத்தனை அடி அடித்தால் அது வந்திருக்கும்?

மதுரை எரிந்ததைத்தான் நாமும் மேடைதோறும் பேசுகிறோம். அதன் பிறகு கண்ணகி மேற்கே தனியாக நடந்துபோய், மலையில் வேங்கை மரத்தடியில் நின்றதைப் பேச ஆளில்லை.

எனக்கு 11 வயதிருக்கும்போது, பாம்பன் தென்கடல் கரையில் என் சித்தப்பாவின் நண்டு வலை ஓர் இரவில் காணாமல் போனது. எடுத்தவர் யார் என்பது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மிதவைகளையும் ஈயக்குண்டுகளையும் அறுத்து விற்பதற்காகத் தூக்கியிருந்தார். சித்தி இறந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அந்த வலையின் கிழிசல்களையெல்லாம் அவர்தான் பச்சை நூலால் பின்னியிருந்தார். மூன்றாம் நாள் சித்தப்பா ஒரு சாக்குப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்தார். பைக்குள் அரிவாள் இருக்கிறது என்று டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். நானும் ஓடினேன். வாசலில் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: “மிதவையும் ஈயமும் நீயே வச்சுக்கப்பா. பச்சை நூல் போட்ட துண்டுகள மட்டும் குடு.” பை அதற்காக.

எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டதாக அந்த மனிதர் தரையைப் பார்த்தபடி சொன்னார். சித்தப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. குறை யாரிடம் என்று கேட்கிறீர்களே தம்பி, எதையும் இழக்காமல் அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன், எனக்கும் ஏமாற்றம்தான். வெறும் பையை மடித்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்து ஓலைவேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.