ஏஞ்சல் மீன் இணை முட்டைகளைத் தின்பது குறித்து

வணக்கம். உங்கள் தொட்டியில் வளரும் ஏஞ்சல் மீன் இணை மூன்று முறை முட்டையிட்டும் இரண்டாம் நாளுக்குள் அனைத்தையும் தின்றுவிட்டதாகக் குறிப்பிட்டு, இணையைப் பிரித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள், இளம் இணைகள் முதல் சில முறை இடும் முட்டைகளைத் தின்றுவிடுவது இயல்பே.

அமேசான் ஆற்றுப் படுகையில் இம்மீன்கள் நீர்த்தாவர இலைகளிலும் மூழ்கிய மரங்களிலும் முட்டையிட்டு, தாயும் தந்தையுமாகத் துடுப்பால் விசிறிக் காக்கின்றன; வெளுத்துப் பூஞ்சை பிடித்த முட்டைகளை வாயால் எடுத்து அகற்றுவதும் அந்தக் காவலின் ஒரு பகுதியே. ஆகவே, மறைபவை வெளுத்த முட்டைகள் மட்டும்தானா என்று முதலில் கவனியுங்கள். தெளிந்த முட்டைகளும் மறைந்தால், பெரும்பாலும் அச்சமே காரணம். பிற மீன்கள் இல்லாத தனித் தொட்டிக்கு இணையை மாற்றி, இரவில் மங்கிய விளக்கொன்றை எரியவிட்டு, அடிக்கடி அருகில் செல்வதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏறத்தாழ 27 பாகை செல்சியசில் இரண்டு அல்லது மூன்று நாள்களில் முட்டைகள் பொரிந்துவிடும். அப்போது பெற்றோர் குஞ்சுகளை வாயில் கவ்வி வேறிடத்தில் ஒட்டவைப்பதைக் கண்டு, அவற்றைத் தின்கின்றன என்று பதறிவிடாதீர்கள். உடலோடு ஒட்டியுள்ள கருவுணவு (மஞ்சள் கரு) தீர்ந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னரே, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை (உவர்நீரில் வாழும் இறால் போன்ற நுண்ணுயிரி) உணவாகக் கொடுங்கள்.