பயிலரங்கில் ருசித்த ‘மாய் தாய்’ காக்டெய்ல் வீட்டில் பாயசமாகிறதா?

நீங்கள் அதில் ஊற்றும் அன்னாசிச் சாற்றை நிறுத்துங்கள், வினையே அதுதான். டிக்கி ஒயாசிஸ் என்ற விழாவின் பயிலரங்கில் புளிப்பும் ரம்முமாக இருந்தது வீட்டில் தித்திக்கிறது என்கிறீர்கள். ட்ரேடர் விக் என்ற மதுக்கூடக்காரர் 1944-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கலக்கிய மாய் தாயில் அன்னாசியே கிடையாது, அது பிற்பாடு ஹவாயில் ஒட்டிக்கொண்டது.

நாள்பட்ட ஜமைக்கா ரம் 60 மி.லி., குராசோ என்ற ஆரஞ்சுத்தோல் மது 15, ஓர்ஷா என்ற பாதாம் சிரப் 15, சர்க்கரைப் பாகு 7, ஒரு பச்சை எலுமிச்சையின் சாறு, அவ்வளவுதான். நொறுக்கிய ஐஸ் போட்டுக் குலுக்குங்கள்.

அப்புறமும் தித்தித்தால் ஓர்ஷாவை ஒரு ஸ்பூன் தனியாக நக்கிப் பாருங்கள். பாதாம் வாசமே இல்லாமல் வெறும் இனிப்பென்றால் புட்டியை மாற்றுங்கள்.

ஒன்று மட்டும்: விருந்தாளிகளில் யாருக்காவது பாதாம் ஒவ்வாமை உண்டா என்று ஊற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அலங்காரப் புதினாக் கொத்தைச் சொருகிவிட்டு அல்ல.